இருபத்து மூன்றாம் வாய்ப்பாடு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. "துபாய் போயிட்டு வந்தியே, என்ன பார்த்த, போட்டோ எங்கே?" என்று கிளாஸில் கேட்காத ஆள் இல்லை. புர்ஜ் கலீஃபா பார்த்தேன். 828 மீட்டர். கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மேலே போகவில்லை. டிக்கெட் விலைப் பலகையை அண்ணன் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சரி, கீழே ஏரியில் தண்ணீர் ஆடுமே, அது இலவசம்தானே என்று திரும்பினால், அந்த நீரூற்றைப் புதுப்பிக்க 2025 ஏப்ரலில் மூடியிருந்தார்கள். திறந்தது அக்டோபரில். நான் போனது மே மாதம். என் ராசி அப்படி :-)

அதனால் இது ஊர் சுற்றிப் பார்த்த கதை இல்லை. முப்பது நாள் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வந்த கதை. அந்த வீட்டைப் பற்றி இங்கே நம் வீட்டில் எல்லோரும் போடும் ஒரு தப்புக் கணக்கைப் பற்றிய கதை. பி.காம். படிக்கிறவள் கணக்கைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் ஒரு திருத்தம். அண்ணன் இருப்பது துபாயே இல்லை, ஷார்ஜா. எங்கள் தெருவில் வளைகுடாவில் இருக்கிற எல்லோருமே 'துபாய்'தான். குவைத்தில் இருக்கிற எதிர் வீட்டு மாமாவும் துபாய்தான். அண்ணனுக்கு வேலை மட்டும் துபாயில், தேராவில் ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்டன்ட். வீடு ஷார்ஜா அல் நஹ்தாவில். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் துபாய், இந்தப் பக்கம் ஷார்ஜா, இரண்டு பக்கத்துக்கும் அல் நஹ்தா என்றே பேர். வாடகை மட்டும் வேறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பக்கம் தூங்கி அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள்.

கிளம்பும்போது அம்மா இரண்டு மூட்டை கொடுத்தார். ஒன்றில் மாவடு, அரிசி வடகம், சாம்பார் பொடி. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. "நேரம் பார்த்து அண்ணன்கிட்ட பேசு. உன் கல்யாணத்துக்கு முப்பது சவரனாவது போடணும். பாதியை அவன் பார்த்துக்கட்டும். அவனுக்கென்னடி, திர்ஹத்துல வாங்குறான்." அந்த மாதம் சவரன் எழுபதாயிரத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. பதினைந்து சவரன் என்றால் பத்தரை லட்சம். அம்மா அதைச் சொன்ன தொனி, வரும்போது ஒரு கோடாலித் தைலம் வாங்கிட்டு வா என்பது போலத்தான் இருந்தது. (கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது தனிப் புலம்பல், இன்னொரு நாள்.)

திருச்சியிலிருந்து நேராக ஷார்ஜாவுக்கு விமானம். இறங்கியதும் முதலில் கற்றுக்கொண்டது பாத்ரூமில். குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. தொட்டி மொட்டை மாடியில், வெயில் நாற்பது டிகிரிக்கு மேல். "அந்த ஹீட்டர் ஸ்விட்சை போட்றாத. சுடுதண்ணிப் பக்கம் திருப்பு, அதுலதான் பச்சைத் தண்ணி வரும்" என்றார் அண்ணி. ஹீட்டரை அணைத்து வைத்தால், அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏசி வீட்டின் குளிர்ச்சியில் ஆறிவிடுமாம். ஹீட்டர்தான் அங்கே பானை. அதுவும் ஒரு ஆள் குளிக்கும் அளவுதான். அடுத்த ஆள் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆறு வருஷமாக வீடியோ காலில் பார்த்த வீடு. இது எனக்குத் தெரியாது.

வீடியோ கால் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாலில் ஒரு மூலை இருக்கிறது. பின்னால் நல்ல திரைச்சீலை, ஒரு சோபா, மேலே ஒரு கடிகாரம். ஊருக்குப் பேசும்போது மூன்று பேரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். போனை வேறு பக்கம் திருப்ப மாட்டார்கள். வேறு பக்கம் என்ன இருக்கிறது? பிரமாதமாக ஒன்றும் இல்லை. மடித்து வைத்த மெத்தை, அயர்ன் பண்ண வேண்டிய துணி மலை, பாப்பாவின் புத்தகப்பை, ஊருக்குக் கொண்டுவரவென்று சேர்த்து வைத்திருந்த பால் பவுடர் டின், சென்ட் பாட்டில், சாக்லேட். ஒரு பெட்ரூம் வீடு. நானும் பாப்பாவும் ஹாலில் படுத்தோம். வறுமை இல்லை, அப்படிச் சொன்னால் அண்ணன் என்னைக் கொன்றுவிடுவான். ஆனால் அம்மா மனதில் கட்டி வைத்திருக்கும் வீடு அது இல்லை.

பாப்பா கே.ஜி. படிக்கிறாள். ஷார்ஜாவில் 2022-லிருந்து பள்ளிக்கூடம் வாரத்தில் நாலு நாள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. கேட்டதும் எனக்கு வாயில் ஈ போகும் அளவுக்கு ஆச்சரியம். ஆனால் அண்ணன் கம்பெனியில் வாரம் ஆறு நாள், ஞாயிறு மட்டும் லீவு. குழந்தைக்கு மூன்று நாள் விடுமுறை, அப்பாவுக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்து "அப்பா எங்கே?" என்று கேட்பாள். அவன் ஆறு மணிக்கே போயிருப்பான். ராத்திரி எட்டரைக்கு வருவான். எட்டு மணிக்குத் தூங்கிவிடும் குழந்தையை அவன் வாரத்தில் முழித்த கண்ணோடு பார்ப்பது கொஞ்ச நேரம்தான்.

ஒரு நாள் அவனோடு நானும் காலையில் போனேன். சொந்தக் கார் கிடையாது. 'கார் லிஃப்ட்' என்பார்கள். ஒருவர் காரில் நாலு பேர் மாதக் கணக்குப் பேசிக்கொண்டு போவது. அன்று ஒருவர் லீவு, அந்த இடத்தில் நான். கூப்பிடு தூரத்தில் துபாய். ஆனால் அல் இத்திஹாத் ரோட்டில் கார்கள் எறும்பு வரிசை மாதிரி. காருக்குள் யாரும் பேசவில்லை. முன்சீட்டுக்காரர் தூங்கினார், இன்னொருவர் வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், அண்ணன் போனில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். எல்லை தாண்டியதும் 'சாலிக்' என்ற டோல். 2007-ல் ஆரம்பித்தபோதிலிருந்து நாலு திர்ஹம்தான். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஆறாக்கிவிட்டார்கள். அதனால் லிஃப்ட் காசும் ஏறிவிட்டது. இந்த இரண்டு திர்ஹம் ஏறியது ஊரில் யாருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது.

இதையெல்லாம் அண்ணன் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அவன் சொல்லவும் மாட்டான். தெரிந்தது காசோலையால்.

அங்கே வாடகையை மாதாமாதம் கையில் கொடுப்பதில்லை. வருஷ ஒப்பந்தம் போடும்போதே பின்தேதியிட்ட காசோலைகளாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் இருந்தபோதுதான் அண்ணனுக்குப் புதுப்பிக்கும் நேரம். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது. கையெழுத்து மட்டும் நான் போடுறேன்" என்றான். நாலு காசோலை. ஒவ்வொன்றும் 9,500 திர்ஹம். மொத்தம் 38,000. தேதியை எழுதி முடித்து நிமிர்ந்தால், அவன் அந்த நாலு தேதியையும் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நம் ஊரில் காசோலை திரும்பினால் 138-வது பிரிவு என்று படித்திருக்கிறோம் இல்லையா, பரிட்சைக்கு ஐந்து மார்க். அங்கேயும் பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் கிரிமினல் வழக்கு என்றுதான் இருந்தது. 2022 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி பெரும்பாலும் சிவில் விவகாரமாக்கிவிட்டார்கள். ஆனால் அண்ணனுக்குப் பழைய பயம் போகவில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகுதான், "மொத்தக் கணக்கையும் காட்டு" என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு நாள் மழுப்பினான். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு நோட்டை நீட்டினான்.

அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். (கெஞ்சி வாங்கிய அனுமதி.)

சம்பளம் 7,500 திர்ஹம். இதை எங்கள் அப்பா 23-ஆல் பெருக்கி வைத்திருக்கிறார். ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். தெருவுக்கே தெரியும். வாடகையை மாதத்துக்கு வகுத்தால் 3,167. பாப்பாவின் ஃபீஸ், பஸ் எல்லாம் சேர்த்து 1,050. கரண்டு, தண்ணீர், நெட், போன் 750. கார் லிஃப்ட் 500. மளிகை, காய்கறி, மருந்து, கடையில் குடிக்கும் கரக் சாயா வரைக்கும் 1,300. கூட்டினால் 6,767. மிச்சம் 733. இதில் ஊருக்கு 25,000 ரூபாய் அனுப்ப, எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தோடு 1,100 திர்ஹம் போகிறது.

கழித்துப் பாருங்கள். மாதம் 367 திர்ஹம் துண்டு விழுகிறது.

அந்த 367 எங்கிருந்து வருகிறது? கிரெடிட் கார்டிலிருந்து. காசோலை மாதம் வந்தால் மளிகையே கார்டில்தான். மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருஷத்துக்கு 36-க்கு மேல் என்பதை காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதாவது எங்கள் வீட்டு மாடிக்கு டைல்ஸ் ஒட்டியதும், என் காலேஜ் ஃபீஸும், போன தீபாவளிக்கு எல்லோருக்கும் வந்த துணியும் 36 வட்டிக்கு வாங்கியவை. வாங்கியவன் ஒரு அக்கவுண்டன்ட். கம்பெனிக்கு வரவு செலவு டாலி பண்ணிக் கொடுக்கிறவன்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல்தான் முதலில் வந்தது.

"ஏண்டா சொல்லல?" என்றேன். "சொன்னா என்ன ஆகும்? அப்பா தூங்க மாட்டார், அம்மா சாமி கும்பிடுவா. வேற என்ன ஆகும்?" என்றான். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நிம்மதி மாதிரிதான் இருந்தது.

சரி, சேமிப்பு? 'அங்கே வரியே கிடையாது' என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. (2018-லிருந்து பொருளுக்கு 5 சதவீதம் வாட் உண்டு, அது வேறு.) ஆனால் நம் ஊர் மாதிரி பி.எஃப். பிடித்தமும் இல்லை. வேலையை விட்டால் கிராஜுவிட்டி மட்டும். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள். அதுவும் மொத்தச் சம்பளத்தில் இல்லை, அடிப்படைச் சம்பளத்தில். அண்ணனுடைய 7,500-ல் அடிப்படை 3,500தான், மீதியெல்லாம் படி. அன்றைக்கு ராத்திரியே கணக்குப் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு 12,250, ஆறாவது வருஷத்துக்கு 3,500. மொத்தம் 15,750 திர்ஹம். ரூபாயில் மூன்றே முக்கால் லட்சம்கூட இல்லை.

அந்த மாத விலைக்கு ஐந்து சவரன்.

ஆறு வருஷம் விடியற்காலையில் எழுந்து அந்த எறும்பு வரிசையில் போனதற்கு ஐந்து சவரன். நான் கேட்கப் போனது பதினைந்து.

கேட்கவில்லை. அம்மா கொடுத்த இரண்டாவது மூட்டையை அப்படியே கட்டின கட்டோடு திருப்பிக் கொண்டுவந்தேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். 23-ஆம் வாய்ப்பாட்டை நாம் ஒரு பக்கம் மட்டும் சொல்கிறோம். சம்பளத்தைப் பெருக்குகிறோம், செலவைப் பெருக்குவதில்லை. வாடகை 3,167-ஐ 23-ஆல் பெருக்குங்களேன், 72,841 ரூபாய். ஒரு பெட்ரூம் வீட்டுக்கு மாதம் எழுபத்து மூவாயிரம் வாடகை கொடுக்கிறவனிடம் பதினைந்து சவரன் கேட்பீர்களா? வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேலன்ஸ் ஷீட்டை நம் ஹெச்.ஓ.டி. மேடம் மூஞ்சியில் வீசுவார்.

இன்னொன்று. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது. 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725, அசையாது. அதனால் ரூபாய் விழும்போதெல்லாம் ஊரில் சந்தோஷம். 2015-ல் திர்ஹம் பதினேழு, பதினெட்டு ரூபாய். 2025 மேயில் 23. "உன் சம்பளம் ஏறிடுச்சே!" என்கிறார் அப்பா. ஏறவில்லை. அவனுக்கு வாடகையும் ஃபீஸும் சாலிக்கும் திர்ஹமில்தான். ஏறியது நம் வாய்ப்பாடுதான். அந்தப் பத்து வருஷத்தில் அவன் அனுப்பும் தொகை பெரிதாகத் தெரியத் தெரிய, நம் ஆசையும் கூடவே ஏறியது.

"அப்படிக் கஷ்டம்னா திரும்பி வந்துட வேண்டியதுதானே" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நானும் அதைக் கேட்டுத்தான் பார்த்தேன். அவனுக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது! அதுதான் எனக்கு ஆச்சரியம். ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணியும் நானும் தனியாகக் கடைக்கு நடந்து போய் வந்தோம். திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பர்துபாய்க்கும் தேராவுக்கும் நடுவே க்ரீக்கில் ஆப்ரா படகு, ஆளுக்கு ஒரு திர்ஹம். எனக்கு அந்த முப்பது நாளில் ரொம்பப் பிடித்தது அந்த ஒரு திர்ஹம்தான். பாப்பா தண்ணீரில் கை விடப் போக, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பட்டாணிக்காரத் தாத்தா அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இறங்கி கஃபட்டேரியாவில் ஒமான் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டிய பரோட்டா. அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். ஊரை நான் குறை சொல்லவில்லை. அவன் வேலைக்கு அங்கே கிடைப்பது இங்கே கிடைக்காது என்பதும் உண்மை.

அவனைவிடக் கீழே இருக்கிறவர்களையும் பார்த்தேன். மாதக் கடைசியில் ரோலாவில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்கும் வரிசை. அதில் பாதிப் பேர் 'பெட் ஸ்பேஸ்' ஆட்கள். அறை வாடகைக்கு இல்லை, கட்டில் மட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மே மாதத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது, ஆனால் வெயில் உண்டு. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் போனில், "இந்த மாசம் அவ்ளோதாம்மா, அடுத்த மாசம் பார்க்கிறேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டு வாய்ப்பாடோ.

ஆனால் தப்பு ஊர்ப் பக்கம் மட்டும் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். லீவில் வரும்போது முப்பது கிலோ பெட்டியைத் திறந்து தெரு முழுக்கச் சாக்லேட்டும் தைலமும் கொடுப்பது யார்? அந்தத் திரைச்சீலை மூலையில் உட்கார்ந்து "இங்க எல்லாம் சூப்பர்மா" என்பது யார்? காட்டாத கணக்கை எதிராளி எப்படித் தெரிந்துகொள்வான்? பெருமைக்காக மறைக்கிறார்கள், பாசத்துக்காக மறைப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். பதில் பேசாமல் ஹீட்டர் தண்ணியில் குளிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்த மறுநாளே வீட்டில் போட்டு உடைத்துவிட்டேன். நோட்டை போட்டோ எடுத்து வந்திருந்தேன் (அது மட்டும் அனுமதி இல்லாமல்). அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கூட்டல் சரியா என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், சரியாகத்தான் வந்தது. அம்மா அழுதார், பிறகு என்னைத்தான் திட்டினார், "ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்று. அண்ணன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மானத்தை வாங்கிவிட்டேனாம். அண்ணி மட்டும் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினார். ஒரு கைகூப்பும் பொம்மை, அவ்வளவுதான்.

இப்போது வீட்டுக்கு மாதம் பதினைந்தாயிரம்தான் வருகிறது. கார்டு முடியும் வரைக்கும் என்று பேச்சு. என் கடைசி செமஸ்டர் ஃபீஸை அப்பா சொஸைட்டியில் கடன் வாங்கிக் கட்டினார். வட்டி கார்டைவிட எவ்வளவோ குறைவு, அதை நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பது சவரன் பேச்சு நிற்கவில்லை, இருபதுக்கு இறங்கியிருக்கிறது. போன வாரம் வீடியோ காலில் அம்மா, "ஏம்ப்பா, குழாயில தண்ணி இப்ப எப்படி வருது?" என்று கேட்டார். அண்ணன் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்த் திறந்து காட்டினான்.